“என் பையன் என்ன லூசா டீச்சர்?”

கேள்வி: திருப்பூர் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். பணியில் சேர்ந்து இது மூன்றாவது வருடம். என் வகுப்பில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன். நான் சொன்ன கதையை ஒரு வாரம் கழித்துக் கேட்டாலும் ஒன்று விடாமல் திருப்பிச் சொல்வான். மீதிச் சில்லறையை என்னைவிட வேகமாகக் கணக்குப் போடுவான். ஆனால் ‘பட்டம்’ என்று எழுதிக் கொடுத்தால் வாசிக்க வராது. அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பில் இன்னும் ‘அரும்பு’ என்ற தொடக்க நிலையிலேயே நிற்கிறான். கற்றல் குறைபாடாக (எஸ்.எல்.டி.) இருக்கலாம், பார்த்துவிடுவோம் என்றார் எங்கள் சிறப்புப் பயிற்றுநர். அடுத்த மாதம் மருத்துவ முகாம் வருகிறது. காலையில் பையனை விட வந்த அம்மாவை வராண்டாவிலேயே நிறுத்தி, “உங்க பையனுக்கு எஸ்.எல்.டி. இருக்கும்போல. முகாமுக்குக் கூட்டிட்டு வாங்க, சிறப்புக் குழந்தைகள் லிஸ்ட்ல பேர் சேர்க்கணும், இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க” என்றேன். அவர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். “என் பையன் என்ன லூசா டீச்சர்?” என்று கேட்டுவிட்டு, கையெழுத்துப் போடாமல் போய்விட்டார். அன்றிலிருந்து மூன்று நாளாகப் பையன் வரவில்லை. நேற்று அப்பா போன் செய்து டி.சி. கேட்கிறார். நல்லது செய்யப் போய்தான் இப்படி ஆனது. நான் எங்கே தவறினேன்? இப்போது என்ன பேசுவது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் என் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சிறப்புக் கல்வி ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், பரிசோதனை முடிந்த ஒரு பையனின் அப்பாவிடம் அறிக்கையைக் கொடுத்து, “ஐ.க்யூ. 68 வந்திருக்குங்க” என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. கைகுலுக்கிவிட்டுப் போனார். அடுத்த தடவை வரச் சொல்லியும் வரவே இல்லை. ஒரு வருடம் கழித்துச் சந்தையில் பார்த்தபோது ஏன் வரவில்லை என்று கேட்டேன். “அறுபத்தெட்டு எடுத்துப் பாஸ் ஆயிட்டான்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றார். அறிவுத்திறன் அளவில் 70-க்குக் கீழே என்றால் கவலைப்பட வேண்டிய எண் அது. நூற்றுக்கு அறுபத்தெட்டு நல்ல மார்க் என்பதும் உண்மைதான். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நான் அவருடைய காதுக்குச் சொல்லவில்லை, என் ஃபைலுக்குச் சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்கு நடந்ததும் அதுதான், திசை மட்டும் வேறு. ‘எஸ்.எல்.டி.’ என்ற மூன்று எழுத்து அந்த அம்மாவுக்கு எதையும் சொல்லவில்லை. காதில் விழுந்தவை ‘சிறப்புக் குழந்தைகள்’, ‘லிஸ்ட்’, ‘கையெழுத்து’ ஆகிய மூன்றுதான். ஊரில் ‘சிறப்புக் குழந்தை’ என்றால் யாரை நினைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். ‘மாற்றுத்திறனாளி’ என்பது மரியாதைக்காகக் கொண்டுவந்த நல்ல சொல். ஆனால் ஓடி ஆடி விளையாடும் பிள்ளையை வைத்திருக்கும் தாய்க்கு அது சக்கர நாற்காலியைத்தான் காட்டும். ‘மெல்லக் கற்போர்’ என்று நாம் பதிவேட்டில் எழுதுகிறோமே, அதையும் வீட்டில் ‘மக்கு’ என்றே மொழிபெயர்த்துக்கொள்வார்கள். அதனால் முதல் சந்திப்பில் எந்தப் பெயரும் வேண்டாம் என்பேன். பெயர் வைப்பது மருத்துவரும் உளவியலாளரும் செய்ய வேண்டிய வேலை, உங்களுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. நம் கையில் இருப்பது நாம் கண்ணால் பார்த்தது. அதைச் சொல்ல நமக்கு முழு உரிமை உண்டு. அதை அவர் மறுக்கவும் மாட்டார், ஏனென்றால் வீட்டில் அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பார்த்தது என்றால் இப்படி. பையனின் சொல்வதை எழுதுதல் நோட்டை எடுத்து ஒரு பக்கத்தை மட்டும் பாருங்கள். ‘பட்டம்’ என்பது ‘படம்’ ஆகியிருக்கிறதா? ‘கொக்கு’ ‘கெக்கு’ ஆகியிருக்கிறதா? ‘மரம்’ புள்ளி இல்லாமல் ‘மரம’ என்று நிற்கிறதா? ‘கை’ எழுதும்போது கொம்பு முன்னால் வருமா பின்னால் வருமா என்று நான்கு தடவை அழித்து, தாள் ஓட்டையாகியிருக்கிறதா? அதே சொல்லை வாயால் கேட்டால் சரியாகச் சொல்கிறானா? படம் போட்ட பக்கத்தில், எழுத்தைப் பார்க்காமல் படத்தைப் பார்த்தே ‘வாசித்து’விடுகிறானா? இவற்றைத் தேதி போட்டு ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு வாரக் குறிப்பு போதும். ஆனால் ல-ள, ர-ற, ன-ண பிழைகளைச் சான்றாகக் கொண்டு போகாதீர்கள். அது நம்மில் பாதிப்பேர் செய்வது, அந்த அம்மாவும் செய்வார். “எனக்கும்தான் வராது, நானும் லூசா?” என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது.

அவன் கதை சொல்வதையும் சில்லறைக் கணக்கையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் மிக முக்கியமான வரிகள் அவைதாம், ஆனால் அம்மாவிடம் அவற்றைச் சொல்லவே இல்லை. அதை ஆறுதலுக்குச் சொல்லும் பாராட்டாக நினைக்க வேண்டாம். காதால் கேட்டது முழுதாக மனதில் நிற்கிறது, கண்ணால் எழுத்தைப் பார்த்தால் மட்டும் சிக்குகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் சிறப்புப் பயிற்றுநரை யோசிக்க வைத்தது. அறிவு குறைவு என்றால் கதையும் நின்றிருக்காது. ‘லூசா’ என்ற கேள்விக்கு நேரான பதிலை நோட்டிலேயே வைத்துக்கொண்டு, அதைச் சொல்லாமல் அனுப்பிவிட்டீர்கள்.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வராண்டாவில், காலை ஒன்பது மணிக்கு, நாலு பெற்றோர் நிற்கும்போது எதையும் பேசாதீர்கள். செக்கிங் டேபிளுக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனால் சூப்பர்வைசர் பேச்சு கேட்க வேண்டியவர் அவர். “பதினோரு மணிக்கு வாங்க” என்று கூப்பிட்டால் அரை ஷிப்ட் கூலி போகும். பள்ளியில் பெற்றோர் வராததைப் ‘பொறுப்பில்லை’ என்று எழுதிவைக்கும் வழக்கம் நமக்கு உண்டு. ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு ஒன்பதுக்கு வீடு திரும்பும் பெண்ணைப் பற்றி அப்படி எழுத எனக்குக் கை வராது. போனில் கூப்பிடுவதானால் டீ நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு அப்போது கூப்பிடுங்கள். வகுப்பு வாட்ஸாப் குரூப்பில் பெயர் சொல்லாமல்கூட இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. ‘முகாமுக்கு வர வேண்டிய மாணவர்கள்’ என்று ஒரு பட்டியலைப் படம் பிடித்துப் போட்டுவிட்டு, பிறகு அழித்தவர்களை எனக்குத் தெரியும். அழிப்பதற்குள் ஊர் பார்த்துவிட்டது.

இப்போது டி.சி. விஷயம். வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்களே வீட்டுக்குப் போங்கள். முந்தின நாள் போன் செய்து, வரலாமா என்று கேட்டுவிட்டுப் போங்கள். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, கூடப் பையனுக்குப் பிடித்த இன்னோர் ஆசிரியர் வந்தால் நல்லது. சிறப்புப் பயிற்றுநரை முதல் நாளே அழைத்துப் போக வேண்டாம், கும்பலாக வந்து மிரட்டுவதுபோல் ஆகிவிடும். படிவத்தையும் எடுத்துப் போகாதீர்கள்.

உட்கார்ந்ததும் இப்படித் தொடங்கலாம்: “அக்கா, அன்னைக்கு நாலு பேர் முன்னாடி அப்படிச் சொன்னது என் தப்புங்க. தம்பி லூசு கிடையாது. அவன் கதை சொல்றதைக் கேட்டா எனக்கே ஆச்சரியமா இருக்கும். நான் சொல்ல வந்தது வேற, சொன்னது வேற ஆயிருச்சு.” இதைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். விளக்கத்துக்குப் பாயாதீர்கள். அடுத்து ஒரு கேள்வி கேளுங்கள்: “வீட்டுல படிக்க உக்காந்தா என்னங்க பண்றான்?” அப்புறம் நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் சொல்வதைக் கேளுங்கள். தலைவலி என்பான், தண்ணி குடிக்கப் போவான், அக்காவைப் படிக்கச் சொல்லிக் காதால் கேட்டுக்கொள்வான், அடிச்சாத்தான் உட்காருவான் என்று வரும். அவர் சொல்லி முடித்தபின், “பள்ளிக்கூடத்துலயும் அதேதாங்க, இங்க பாருங்க” என்று பக்கத்தைத் திறங்கள். அப்போது நீங்கள் சொல்லிக்கொடுப்பவரும் அவர் கேட்டுக்கொள்பவரும் இல்லை, ஒரே பையனைப் பார்க்கும் இரண்டு பேர்.

அப்பா இருந்தால் கொஞ்சம் கவனம். டி.சி. கேட்கும் கோபத்துக்குப் பின்னால் பல வீடுகளில் நான் ஒரே விஷயத்தைப் பார்த்திருக்கிறேன். வாசிப்பில் வரும் இந்தச் சிக்கல் பல குடும்பங்களில் வழிவழியாகத் தொடரும். அந்த அப்பாவே ஐந்தாவதோ ஆறாவதோடு பள்ளியை விட்டவராக இருக்கலாம், வகுப்பில் மக்கு என்று பெயர் வாங்கியவராக இருக்கலாம். அவர் படித்த காலத்தில் இதற்குச் சட்டத்தில்கூட இடம் இல்லை. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் அதை 21 ஆக்கி, குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. தன்னைச் சொன்ன அதே வார்த்தையை இன்று தன் பிள்ளைக்குச் சொல்வதாக அவருக்குப் படுகிறது. அவராகவே “நானும் இப்படித்தாங்க இருந்தேன்” என்று சொன்னால் அமைதியாகக் கேளுங்கள், அதற்குப் பிறகு பேச்சு சுலபமாகிவிடும். நீங்களாக அதைக் கிளறாதீர்கள். ‘பரம்பரை’ என்ற சொல் வீட்டுக்குள் விழுந்தால், யார் வழி என்ற சண்டை அன்று ராத்திரி முழுக்க நடக்கும். அதில் தோற்பது பெரும்பாலும் மருமகள்.

“மூணு வருஷமா நீங்கல்லாம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?” என்றும் அவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மூன்றாம் வகுப்பிலோ எட்டு வயதிலோ பள்ளியே கவனித்துச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. கற்றல் குறைபாட்டைச் சீக்கிரம் கண்டறிவது கல்வி நிறுவனத்தின் கடமை என்று 2016 சட்டமே சொல்கிறது. போன வருட ஆசிரியரைக் காட்டிக்கொடுக்கவும் வேண்டாம், கொரோனாவை இழுக்கவும் வேண்டாம். “நாங்களும் லேட்டாத்தாங்க கவனிச்சோம், அதனாலதான் இனி தள்ளிப்போட வேண்டாம்னு வந்திருக்கேன்” என்றால் போதும்.

முகாமைப் பற்றிப் பேசும் நாள் வேறாகவே இருக்கட்டும், ஒரு வாரம் கழித்து. அப்போது முதலில் சொல்ல வேண்டியது கண்ணும் காதும். பார்வைக் குறைவு, காதில் சீழ், கேட்கும் திறன் குறைவு இவற்றாலும் பிள்ளை வாசிக்கத் திணறலாம். அதனால் குழந்தை மருத்துவர் முதலில் அவற்றைத்தான் பார்க்கச் சொல்வார். “கண்ணு, காது ரெண்டும் பார்த்துருவோம்” என்பதற்கு எந்தத் தாயும் மறுப்பு சொன்னதாக எனக்கு நினைவில்லை. இது தந்திரமும் இல்லை, வரிசையே அதுதான். அதற்கு அப்புறம்தான் உளவியல் பரிசோதனை. அது முகாம் கூட்டத்தில் ஐந்து நிமிடத்தில் முடிகிற காரியம் இல்லை. மாவட்ட மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ இரண்டு மூன்று தடவை போக வேண்டியிருக்கும். எத்தனை நாள் லீவு போட வேண்டிவரும் என்று சிறப்புப் பயிற்றுநரிடம் கேட்டு, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூலி இழப்பைச் சொல்லாமல் மறைத்து இரண்டாவது தடவை கூப்பிட்டால் வரமாட்டார்கள்.

முகாம் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லி வையுங்கள். அங்கே நடக்க முடியாத பிள்ளைகள் வருவார்கள், காது கேட்கும் கருவிக்கு அளவு கொடுக்க வருவார்கள், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். வாசலிலேயே அதைப் பார்த்துவிட்டு, “என் பிள்ளைய எங்க கொண்டு வந்து நிறுத்தியிருக்காங்க” என்று திரும்பிப் போன தாய்மாரை நான் பின்னாலேயே ஓடிக் கூப்பிட்டிருக்கிறேன். “எல்லா விதத் தேவைக்கும் ஒரே நாள்லதான் டாக்டருங்க வருவாங்க, நம்ம தம்பிக்குக் கண்ணு-காது வரிசை தனி” என்று முன்பே சொல்லிவிட்டால் அந்த ஓட்டம் மிச்சம். முடிந்தால் அன்று நீங்களும் கூடப் போங்கள்.

அவர் கேட்கப்போகும் கேள்விகளும் எனக்குக் கிட்டத்தட்ட மனப்பாடம். மாத்திரை கொடுப்பாங்களா? வாசிப்புச் சிக்கலுக்கு மாத்திரை இல்லை, சொல்லிக்கொடுக்கும் முறையை மாற்றுவதுதான் வைத்தியம். வேற ஸ்கூலுக்கு அனுப்பிருவீங்களா? இல்லை. இதே பள்ளி, இதே வகுப்பு. இதைக் காரணம் காட்டி எந்தப் பள்ளியும் சேர்க்கையை மறுக்கவும் முடியாது. யாருக்கெல்லாம் தெரியும்? நீங்கள், தலைமையாசிரியர், சிறப்புப் பயிற்றுநர், மருத்துவர். வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அவன் அக்கா உங்கள் பள்ளியிலேயே படித்தால் அவளிடமும் சொல்லி அனுப்பாதீர்கள். சர்டிபிகேட்ல எங்கேயாவது எழுதுவாங்களா, டி.சி.யில வருமா? இதற்கு வாய்க்கு வந்ததைச் சொல்லாமல், தலைமையாசிரியரிடம் கேட்டு அடுத்த நாள் சொல்கிறேன் என்று சொல்லி, சொன்னபடி சொல்லுங்கள்.

கடைசியில் வருவது, “படிச்சிருவானா டீச்சர்?” இந்த இடத்தில்தான் நல்ல ஆசிரியர்கள்கூட வழுக்குவார்கள். முகத்தைப் பார்த்துப் பாவமாக இருக்கும், “எல்லாம் சரியாயிரும்க்கா” என்று வந்துவிடும். அப்படிச் சொல்லாதீர்கள். ஆறு மாதத்தில் சரியாகாதபோது உங்களை நம்பமாட்டார். “வாசிக்கக் கத்துக்குவான், ஆனா மத்தவங்களவிட நேரம் ஆகும், வேற மாதிரி சொல்லித்தரணும். எழுத்துப் பிழை பெரியவனானாலும் கொஞ்சம் இருக்கும். அதை வெச்சு அவன் அறிவை எடை போடக் கூடாது” என்று சொல்லலாம். கொஞ்சம் கசக்கும், ஆனால் பத்து வருடம் தாங்கும் பதில்.

சலுகைகளை எடுத்த எடுப்பில் காட்டாதீர்கள். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், மொழிப்பாட விலக்கு எல்லாம் உண்மைதான். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு என்று சான்றிதழ் வாங்கினால் வேறு உரிமைகளும் உண்டு. ஆனால் நாலாம் வகுப்புப் பிள்ளையின் தாயிடம் அவற்றை முதலில் பேசினால், “ஏதோ பணத்துக்கு எம் பையன் பேரை எழுதறாங்க” என்றுதான் படும். அந்த 40 சதவீதம் சான்றிதழுக்கான ஓர் அளவுகோல்தான் என்பதையும் விளக்கிவிடுங்கள். மூளையில் நாற்பது பங்கு வேலை செய்யவில்லை என்று புரிந்துகொண்டு அழுத அம்மாவும் உண்டு, நாற்பது மார்க் என்று புரிந்துகொண்டவரும் உண்டு. என் அறுபத்தெட்டு நினைவிருக்கும்.

கையெழுத்து வாங்கும் நாளில் படிவத்தை நீங்களே வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். அவருக்கு வாசிக்க வருமா என்று கேட்கக் கூடாது, எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவதுபோல் வாசியுங்கள். எது எதற்கு என்று சொல்லி, ஒரு நகலையும் கொடுங்கள். முடிந்ததும், “வீட்டுக்காரர் கேட்டா என்னன்னு சொல்வீங்க?” என்று கேளுங்கள். பரீட்சைபோல இல்லாமல், பேச்சோடு பேச்சாக. அவர் சொல்வதில்தான் நீங்கள் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்பது தெரியும். உங்கள் ஊரில் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களும் இருக்கும். அவர்களிடம் பேச அந்தப் பிள்ளையையே மொழிபெயர்ப்பாளனாக நிறுத்துவதைக் கண்டிப்பாகத் தவிருங்கள். தன்னைப் பற்றிய செய்தியை ஒரு குழந்தை எப்படி மாற்றிச் சொல்லும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் நடந்தபின் தொடர்பு அறுந்துவிடக் கூடாது. வாரக் கடைசியில் நாற்பது நொடிக் குரல் பதிவு ஒன்று அனுப்புங்கள், எழுத்து வேண்டாம். “இந்த வாரம் ட்ட, க்க போட்ட அஞ்சு வார்த்தை மணலில் எழுதிப் பழகினோம், மூணு சரியா வந்துச்சு. வீட்டுல இன்னைக்கு ரெண்டு வார்த்தை மட்டும் விரலால தட்டுல எழுதச் சொல்லுங்க, பத்து நிமிஷம் போதும். அடிக்காதீங்க.” இவ்வளவுதான். புகார் சொல்ல மட்டும் போன் வரும் பள்ளியிலிருந்து, மூன்று சரியாக வந்தது என்று ஒரு குரல் வருவது அந்த வீட்டுக்குப் புதுசு.

சிறப்புப் பயிற்றுநர் வாரத்தில் ஒரு நாளாவது பையனோடு உட்கார முடியுமா என்று இப்போதே கேட்டு வையுங்கள். ஒரு பயிற்றுநருக்குப் பல பள்ளிகள், எனக்குத் தெரியும். கேட்டு வைத்தால்தான் உங்கள் பள்ளி வரிசையில் வரும். முகாம் தேதி தவறினாலும் உலகம் முடிந்துவிடாது. அரசு மருத்துவமனையில் குழந்தைகளுக்கான மாவட்ட இடையீட்டுச் சேவை மையம் இருக்கிறது, வேறொரு நாளில் அங்கே போகலாம். இப்போதைக்கு அவசரம் பையன் பள்ளிக்குத் திரும்புவதுதான்.

ஞாயிற்றுக்கிழமை போகும்போது சொல்வதை எழுதுதல் நோட்டோடு கணக்கு நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் திறக்க வேண்டியது கணக்கு நோட்டு. போய்வந்து என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.